நைனா மேடம்

என் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. என்மேல் கோபமெல்லாம் கிடையாது. எனக்கு வைத்திருப்பது தாத்தாவின் பெயர், அதாவது அப்பாவைப் பெற்றவரின் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அதே பெயரைக் கொண்டுவந்து மகனுக்கு வைத்துவிட்டால் பெற்றவள் என்னதான் செய்வாள்? "நைனா" என்று கூப்பிட்டாள். சித்தூர்ப் பக்கத்துத் தமிழில் நைனா என்றால் அப்பா. பிள்ளைகளையும் செல்லமாக அப்படிக் கூப்பிடுவதுண்டு. நானும் என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன் என்பதால் வீட்டில் இரண்டு நைனா. "நைனா எங்க?" என்று யார் கேட்டாலும், "பெர்சா, சின்னதா?" என்று இன்னொருவர் கேட்பார்.

அந்த உண்மையான பெயரை இங்கேயும் நான் எழுதப்போவதில்லை. பெயரைத் தெரியாத்தனமாக ஒரு கட்டத்துக்குள் எழுதிவிட்டு நான் பட்ட பாடு போதும்.

எங்கள் ஊர் கங்காதர நெல்லூருக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் ஊரார் கழனியில் கரும்பு வெட்டியவர்கள், பிறகு சொந்தமாக ஒரு துண்டு நிலம் பிடித்தவர்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் போட்டபோது எங்கள் ஊரில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ரேணிகுண்டா பக்கம் வரிசையாகத் தகர ஷெட்டுகள் எழும்பி, கம்பெனி பஸ் ஊர் முனைக்கே வந்து நின்றபோதுதான் புரிந்தது. நான் டிப்ளமோ முடித்திருந்தேன். செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை கிடைத்தது. திருப்பதியில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டேன். சொந்தச் சம்பளம், சொந்த ரூம், காலையில் பஸ் ஏறுமுன் சூடாக இட்லி. ராஜா மாதிரி இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனி ஓர் ஆப் வாங்கியது. அதுவரை லீவு வேண்டுமென்றால் சூப்பர்வைசர் நல்ல மூடில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க் கேட்போம். இனிமேல் எல்லாம் போனிலேயே. வருகைப்பதிவு, லீவு, கேன்டீன் டோக்கன், பஸ், மருத்துவ இன்ஷூரன்ஸ், அத்தனையும் அந்த ஒரே ஆப்பில். எங்களை ஹாலில் உட்காரவைத்து, ஆளுக்கொரு சமோசா கொடுத்து, போனில் விவரங்களை நிரப்பச் சொன்னார்கள். பெயர், பிறந்த நாள், ரத்த வகை, அம்மா அப்பா போன் நம்பர். கடைசியாக ஒரு கட்டம். வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சி வேறு போட்டிருந்தது.

எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அதற்கு முன் எந்த ஆபீசும் என்னை அப்படிக் கேட்டதில்லை. ஆசையாக இங்கிலீஷில் 'நைனா' என்று தட்டிவிட்டு மிச்ச சமோசாவைச் சாப்பிட்டேன்.

முதலில் வந்தது கேக். என் பிறந்த நாளன்று திருப்பதியின் ஒரு பேக்கரியிலிருந்து பெட்டி வந்தது. திறந்தால் ரோஸ் நிறத்தில் க்ரீம், மேலே பட்டாம்பூச்சி, 'ஹேப்பி பர்த்டே நைனா'. ஸ்டோர்ஸே கூடிச் சிரித்தது. அந்தப் பேக்கரிக்காரன் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை, அவனுக்கு எப்படி என் வீட்டுப் பெயர் தெரியும் என்று ஒரு நொடி தோன்றியது. கேக் நன்றாக இருந்ததால் அந்த யோசனையை அத்தோடு விட்டுவிட்டேன்.

அடுத்தது ஒரு போன். ஒரு பெண் குரல், இந்தி கலந்த இங்கிலீஷ். "நைனா மேடம் இருக்காங்களா?" நான் என் கட்டைக் குரலில், "நான்தான்" என்றேன். அந்தக் குரல் என் நம்பரை ஒரு தடவை படித்துச் சரிபார்த்தது. பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, கர்ப்பிணிகளுக்கான பரிசோதனைத் திட்டம் ஒன்று இருப்பதாகச் சொன்னது. எனக்கு இப்போது அவசரமில்லை என்று சொல்லி வைத்தேன்.

எங்கள் எச்.ஆர். மேடம்தான் விஷயத்தை உடைத்தார். சித்தூர் டவுன்காரர். பேச்சில் பாதி தெலுங்கு பாதி தமிழ், இரண்டிலும் கிண்டல். "வடக்க நைனான்னா பொம்பளப் பேருங்க. கண்ணுன்னு அர்த்தம். நீங்க அவங்களுக்குப் பொண்ணு ஆயிட்டீங்க" என்றார். அன்றிலிருந்து காரிடாரில் என்னைப் பார்த்தால் "நைனா மேடம், நமஸ்காரம்" என்பார். மகளிர் தினத்தன்று பெண்களுக்கு மட்டும் வந்த பரிசுப் பையில் எனக்கும் ஒன்று இருந்தது. உள்ளே கண்மை, சீப்பு, நகப்பூச்சு. மேடையிலேயே கூப்பிட்டுக் கொடுத்தார்கள். நானும் விடவில்லை. போய் வாங்கிக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

பிறகு மழையாகக் கொட்டத் தொடங்கியது. புடவைத் தள்ளுபடி, தங்கச் சீட்டு, மகளிர் லோன். அதற்கும் மேலே போய் ஒரு கல்யாணத் தகவல் கம்பெனி, ரேணிகுண்டாவுக்குப் பக்கத்திலேயே நைனாவுக்குப் பொருத்தமான வரன்கள் காத்திருப்பதாக போட்டோவோடு அனுப்பியது. அதில் ஒருவன் எங்கள் கம்பெனி பேக்கிங் செக்‌ஷன்காரன். அம்மாவிடம் சொன்னேன். "ஒனக்குப் பொண்ணு தேடித் தேடி எங்காலு தேஞ்சி போச்சி. மாப்ள மட்டும் ஊடு தேடி வர்றானா?" என்று சிரித்தாள்.

சிரிப்புக்கு நடுவில் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் ஊரில் கோழிக்குஞ்சுகளின் றெக்கையில் சாயம் பூசிவிடுவார்கள். எந்தக் குப்பைமேட்டில் போய் மேய்ந்தாலும் யார் வீட்டுக் குஞ்சு என்று தெரிந்துவிடும். பாங்கில், ஆதாரில், பள்ளிக்கூடத்தில், எங்கும் எனக்குத் தாத்தா பெயர்தான். 'நைனா' என்று நான் எழுதியது உலகத்திலேயே ஒரே இடத்தில், அந்த ஆப்பில். ஆகவே நைனா என்று கூப்பிடுகிறவன் எவனாயிருந்தாலும் அவன் கைக்கு நான் போய்ச் சேர்ந்தது அந்த வழியாகத்தான். சாயம் பூசிய குஞ்சு ஊர் ஊராக மேய்ந்துகொண்டிருந்தது.

எனக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. எச்.ஆர். மேடத்தை நச்சரித்து, ஆப் கம்பெனிக்குப் போன் போடவைத்தேன். அந்தப் பக்கம் பேசியவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். தாங்கள் எல்லாவற்றையும் தாங்களே செய்வதில்லையாம். மெசேஜ் அனுப்ப ஒரு கம்பெனி, பரிசுக்கு ஒன்று, இன்ஷூரன்சுக்கு ஒன்று, நாங்கள் ஆப்பை எத்தனை தடவை திறக்கிறோம் என்று பார்க்க இன்னொன்று. வேலைக்குத் தேவையானதை மட்டும் அவர்களுக்குக் கொடுப்பார்களாம். "அவங்க யாருக்குக் கொடுக்கறாங்க?" என்று மேடம் கேட்டார். "அவர்கள் எல்லாரும் எங்களுடைய நம்பிக்கைக்குரிய பங்காளிகள்" என்று பதில் வந்தது.

பங்காளி என்றால் எங்கள் ஊரில் வரப்பை வெட்டிவிட்டு எதிரே நின்று முறைக்கிறவன். நம்பிக்கைக்குரிய பங்காளியாம். நானும் மேடமும் போனை வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கேக் செய்கிறவனுக்கு என் அம்மாவின் போன் நம்பர் எதற்கு என்ற கேள்விக்கு மட்டும் கடைசிவரை பதில் வரவில்லை.

ஆமாம், அம்மாவுக்கும் போன் வரத் தொடங்கியிருந்தது. ஒரு பெண் இந்தியில் ஏதோ பேச, அம்மாவுக்கு அதில் 'நைனா' என்ற ஒரு சொல்தான் புரிந்திருக்கிறது. ஆபீசிலிருந்து யாரோ என்னைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று நினைத்து, நான் தவழ்ந்த காலத்திலிருந்து தமிழில் சொல்லத் தொடங்கிவிட்டாள். "பாவம், நல்லாக் கேட்டுகினு இருந்துச்சிடா. அப்புறம் லைனு கட்டாயிடுச்சி" என்றாள்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் அம்மாவின் கண் விஷயம் வந்தது. அவளுக்கு இடது கண் வெகுநாள் முன்பே போய்விட்டது. கரும்பு வெட்டும்போது தோகை கிழித்தது. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துக்கொண்டுதான் களை எடுத்தாள், மாடு பார்த்தாள், என்னை வளர்த்தாள். ஒருநாள் என்னைப் பார்க்கத் திருப்பதிக்குக் கிளம்பியவள் சொன்ன நேரத்துக்கு வந்து சேரவே இல்லை. நான் பஸ் ஸ்டாண்டில் நின்று தவித்துக்கொண்டிருக்க, பொழுது சாய்கிற நேரத்தில் கையில் துளசியும் நெற்றியில் திருமண்ணுமாக இறங்கி வந்தாள். சித்தூரில் போர்டு தெரியாமல் புத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டாளாம். இறங்கிய இடத்தில் யாரோ நாராயணவனம் கோயிலுக்குப் போக, இவளும் கூடவே போய்விட்டாளாம். "பெருமாளே கூப்புட்டாருடா நைனா. சுடச்சுடப் பொங்கலு குட்த்தாங்க" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் கண்ணைக் காட்டாமல் அவளை ஊருக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

திருப்பதியில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். புரை முற்றிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டால் இந்தக் கண்ணும் போய்விடும் என்றார் டாக்டர். இருப்பது ஒரே கண் என்பதால் முகாமில் எல்லாம் வைத்துச் செய்ய முடியாது, இங்கேதான் செய்ய வேண்டும். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிச் செலவு எங்கள் கைக்கு எட்டாது. கம்பெனி இன்ஷூரன்சில் பெற்றோருக்கும் இடமுண்டு என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஆப்பில் இன்ஷூரன்ஸ் கார்டைத் திறந்து பார்த்தேன். ஊழியர் பெயர்: நைனா. பால்: பெண். ஓடினேன் எச்.ஆர். மேடத்திடம். அதுவரை கிண்டல் செய்துகொண்டிருந்தவர் அன்று சிரிக்கவில்லை. "அம்மாகாரி கண்ணு விஷயம், இத வெளையாட்டா விடக்கூடாது" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், ஆப் கம்பெனியைப் பிடித்து உலுக்கிப் பெயரை மாற்றவைத்துவிட்டுத்தான் எழுந்தார். ஆப்பைத் திறந்து பார்த்தால் என் சரியான பெயர், ஆண் என்றும் போட்டிருந்தது. "அய்யோ பாவம், நைனா மேடம் போயிட்டாங்க" என்றார். கூடவே ஒன்று சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு வேலை செய்கிற ஒரு வெளிக் கம்பெனியிலிருந்து போன் வரும். நோயாளியிடமே பேசுவார்கள். ஊழியர் பெயரைக் கேட்பார்கள். அதை அம்மா தன் வாயால் சரியாகச் சொல்ல வேண்டும்.

என் அம்மா. தன் வாயால். அந்தப் பெயரை.

ஊருக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அத்த நான் எப்டிடா சொல்லுவேன்? கட்டிகினு வந்த நாளா சொன்னதில்ல."

"ஒரே ஒரு வாட்டிதாம்மா. கண்ணுக்காக."

"மலமேல கீறவரு பேருன்னு சொல்றேன். புரிஞ்சிக்க மாட்டாங்களா?"

திருப்பதி வட்டாரத்தில் பாதி ஆண்களுக்கு அவர் பெயர்தான் என்று விளக்கினேன். அப்பா இதையெல்லாம் கேட்டபடி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "இத்தினி வர்சமா எம்பேரயும் சொல்லல, எங்க நைனா பேரயும் சொல்லல. இன்னிக்கி இன்ஷூரன்சுகாரன் சொல்ல வெக்கப்போறான்" என்றார் சந்தோஷமாக. அம்மா அவர்மேல் ஒரு கடலையை எறிந்தாள். அன்று முழுக்க உதடு அசைய எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவாள்.

ஆபரேஷன் நாள் வந்தது. ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் மேசைக்கு எதிரே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். போன் வந்ததும் மேசைக்காரர் அதை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் முன்னால் வைத்தார். ஒரு பெண் தெலுங்கில் தொடங்கினாள். அம்மாவின் பேச்சைக் கேட்டதும், "தமிழாம்மா? நானும் நகரிப் பக்கந்தான்" என்று தமிழுக்கு மாறினாள். எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

"வேலை செய்றவங்க உங்களுக்கு என்ன ஆகணும்மா?"

"நான் பெத்தது."

"அவங்க பேரு சொல்லுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கண்ணை இறுக மூடி, இரண்டு கையையும் மார்புக்கு நேரே கூப்பி, என் பெயரைச் சொன்னாள். முழுப் பெயரையும் சொன்னாள். வெறும் பெயராகச் சொல்ல மனசு வராமல், கடைசியில் 'அவுங்க' என்று ஒரு மரியாதையும் சேர்த்தாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்ட பெயர்தான், எல்லா ஆபீசிலும் கத்திக் கூப்பிட்ட பெயர்தான். அம்மா குரலில் அதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். அந்தப் பெயர் எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

"அந்தப் பேரு இங்க இல்லியேம்மா" என்றாள் போனில் இருந்தவள்.

நான் மேசைமேல் சாய்ந்து கத்தினேன். ஆப்பில் மாற்றியாகிவிட்டது, என் போனில் இருக்கிறது, காட்டட்டுமா என்றேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள், "சார், ஆப் வேற, நாங்க வேற. எங்களுக்கு முன்னாடி எப்பவோ அனுப்பினதுதான் எங்ககிட்ட இருக்கு. நீங்க அங்க மாத்தினா இங்க மாறாது. பேரு ஒத்துவரலன்னா நான் அனுமதி குடுக்க முடியாது."

அங்கே மாற்றினால் இங்கே மாறாது. பேக்கரியில், புடவைக் கடையில், வரன் பார்க்கிறவனிடத்தில், இன்னும் எங்கெங்கோ, நான் கைவிட்ட பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அப்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என் வீட்டுப் பெயரை ஊருக்கெல்லாம் பங்கு போட்டவர்கள் அம்மாவின் ஒரே கண்ணையும் கொண்டுபோகப் பார்க்கிறார்களே என்று மேசையைத் தட்டினேன்.

அம்மா மிரண்டுபோய் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நைனா, இன்னாடா இது? நான் சரியாத்தான சொன்னேன்? அந்தம்மா இல்லன்னுதே, நைனா."

"ஆங், அதேதாம்மா" என்றது போன். "நைனா. சரியா இருக்கு. இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

மேசைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வாயில் துண்டை வைத்துப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

"ஆனா இங்க பொண்ணுன்னு போட்டிருக்கே?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"எனக்குப் பொண்ணும் அவன்தான், புள்ளயும் அவன்தான்" என்றாள் அம்மா. போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பெயருக்கும் ஊழியர் நம்பர் ஒன்றுதானா என்று எச்.ஆர். மேடத்தைப் போனில் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டு, அப்போதே அனுமதி கொடுத்துவிட்டாள். நகரிக்காரி நன்றாக இருக்கட்டும்.

உள்ளே கூட்டிப்போகும்வரை அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். "நான் அப்பவே சொன்னேன் நைனான்னு. மாமா பேர வீணா சொல்ல வெச்சிட்டியேடா."

"இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றேன்.

"எதுக்கு? அந்தப் பொண்ணே அது இல்லன்னுடுச்சி." சொல்லிவிட்டு நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் கட்டு அவிழ்க்கும் நேரத்துக்கு நானும் அப்பாவும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். என் போன் அதிர்ந்தது. 'நைனா ஜி, கண் ஆபரேஷனுக்குப் பிறகு அணியும் கறுப்புக் கண்ணாடி, உங்கள் ஊரிலேயே.' ஆபரேஷன் நடந்து ஒரு பொழுதுகூட முழுதாக ஆகவில்லை. சொந்தக்காரர்களுக்கே நாங்கள் இன்னும் சொல்லவில்லை. வேறொரு நாளாயிருந்தால் போனைச் சுவரில் அடித்திருப்பேன். அன்று அப்பாவிடம் படித்துக்காட்டினேன். "பங்காளிங்க வெவரமானவங்கதான்" என்றார்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் மெதுவாகக் கட்டைப் பிரித்தார், துடைத்தார், நிதானமாகத் திறக்கச் சொன்னார். அம்மா கண் சிமிட்டினாள். ஜன்னலைப் பார்த்தாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டாக்டர் என்னை எதிரே வந்து நிற்கச் சொன்னார்.

"இது யாரு, தெரியுதாம்மா?"

அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். நான் சம்பாதிக்க வெளியூர் போன பிறகு அவள் என் முகத்தைத் தெளிவாகப் பார்த்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் முகத்தில் முதலில் ஒரு திகைப்பு வந்தது, பிறகு சிரிப்பு.

"அச்சு அசலு எங்க மாமா" என்று சொல்லிவிட்டு, அம்மா கட்டிலை விட்டு எழுந்து நின்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.